பச்சைபோர்டில் பெண் பார்க்கப் போன கதை

ஊர் உலகமெல்லாம் பிரியாணி சாப்பிடத் திண்டுக்கல்லுக்கு வருகிறது. திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்த நான், வெளியூர் போனால் நெய்ப் பொங்கலைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை. அதுவும் கண்ட கடைப் பொங்கல் இல்லை, ஒரே ஒரு ஹோட்டலின் பொங்கல். ஹைவே நெடுக அதற்குக் கிளைகள் உண்டு. நிஜப் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள். எங்கள் வீட்டில் அதற்குப் "பச்சைபோர்டு" என்று பெயர், அப்படியே வைத்துக்கொள்வோம்.

நான் மோட்டார் பம்பு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் பஸ்ஸில்தான் குடித்தனம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வழியில் கிடைத்த கடையிலெல்லாம் சாப்பிட்டு, வயிறு நான்கைந்து முறை என்னைக் கைவிட்ட பிறகு (விவரம் வேண்டாம், சாப்பிடும் நேரத்தில் யாராவது படிக்கலாம்) பச்சைபோர்டிடம் சரணடைந்தேன். விழுப்புரமானாலும் திருநெல்வேலியானாலும் உள்ளே நுழைந்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இடது பக்கம் விபூதித் தட்டு. வலது பக்கம் ஸ்வீட் ஸ்டால். நேரே போனால் ஏசி ஹால், அதில் மீன் தொட்டி, தொட்டிக்குப் பின்னால் கை கழுவும் இடம். அங்கே மூன்றாவது குழாயில் மட்டும் தண்ணீர் வராது. எந்தக் கிளையிலும் வராது! எனக்கு அதுகூட ஒரு ஆறுதல். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை கழுவிவிட்டு வருவேன் என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன். இந்தப் பெருமைதான் என்னைக் கொண்டுபோய் நடுரோட்டில் நிறுத்தியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடுரோட்டில்.

அப்போது எனக்கு முப்பத்தொன்று. ஏழு வரன் பார்த்து ஏழும் தட்டிப்போயிருந்தது. எட்டாவதாகக் கரூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் பெயர் சுகந்தி. ஜாதகம் பொருந்தியது, போட்டோ பிடித்திருந்தது, போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் பார்த்துவிட்டு ஒத்துவராமல் போனால் அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிடும் என்று அவர்கள் யோசித்தார்கள். முதலில் பொதுவான இடத்தில் சும்மா சந்தித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கோயிலா, ஹோட்டலா என்ற கேள்வி வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"வேடசந்தூர் தாண்டி ஒரு பச்சைபோர்டு இருக்கு. ரெண்டு ஊருக்கும் தோதா இருக்கும். நீங்க தேடவே வேணாம், எல்லாக் கிளையும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று பெண்ணின் அப்பாவிடம் போனில் சொன்னேன். ஒரே மாதிரி இருக்கும் என்பதை மூன்று முறை அழுத்திச் சொன்னதாக ஞாபகம்.

"நல்லதுங்க. ஞாயித்துக்கெழம மூணரைக்கு வந்துடறோமுங்க. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குதுங்க, அதுக்குள்ள பார்த்துப் பேசி முடிச்சுக்கணுமுங்க. புதன்கெழம ஈரோட்டுலருந்து ஒரு எடம் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. உங்களுது அமைஞ்சா அவங்கள வரவேண்டாமுன்னு சொல்லிடலாம் பாருங்க" என்றார் அவர். குரல் பணிவாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஈரோடு என்ற ஊரின் மேல் அன்றைக்கு ஒரு வெறுப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான், அப்பா, அம்மா, வேடசந்தூருக்குப் பக்கத்து ஊரான எரியோட்டிலிருந்து வந்த தாய்மாமன் என்று நான்கு பேர் காரில் கிளம்பினோம். பேண்ட் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அம்மா விடவில்லை.

"வேட்டி கட்டுனாத்தான்டா நீ ஆளு மாதிரி தெரியிற" என்றாள்.

எனக்கு வேட்டி இடுப்பில் நிற்காது. அதனால் ஒட்டிக்கோ வேட்டி. (பெல்ட் மாதிரி சுற்றி ஒட்டிக்கொண்டால் போதும், அவிழவே அவிழாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். காற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.) முன்னெச்சரிக்கையாக உள்ளே நீலக் கலரில் விளையாட்டு டிரவுசர் ஒன்று போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த புத்திசாலித்தனமான முடிவுகளில் அது முதலிடம் என்று பின்னால் தெரிந்தது. அம்மா நிலக்கோட்டை மல்லிகைப் பூவை வாழை இலையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று இருபதுக்கே போய்ச் சேர்ந்தோம். ஏசி ஹாலில் மீன் தொட்டிக்குப் பக்கத்து மேஜையைப் பிடித்தோம். மூன்றரைக்குப் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"வந்துட்டோமுங்க. ஏசி ஹால்ல உக்காந்திருக்கோம்."

"நாங்களும் ஏசி ஹால்லதாங்க இருக்கோம். மீன் தொட்டி பக்கத்துல."

"நாங்களும் மீன் தொட்டி பக்கத்துலதானுங்க இருக்கோம்."

எழுந்து நின்று பார்த்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருந்தது. சின்ன வயதுப் பெண் ஒருத்தி கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோக்காரர் பளபளப்பாக்கிக் கொடுத்த போட்டோவை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் உலகத்தில் எல்லோரும் சுகந்தி மாதிரிதான் தெரிவார்கள். நேரே போய், நல்ல பிள்ளையாகச் சிரித்து, "நீங்க கரூர்தானே? உங்களத்தான் பார்க்க வந்தேன்" என்றேன்.

பக்கத்தில் இருந்த ஆள் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார், அவ்வளவு உயரம்.

"என் பொண்டாட்டிய நீ எதுக்குப் பார்க்க வந்த?"

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சட்டைக் கையை மடக்க ஆரம்பித்தார். அப்பா ஓடிவந்து, "தம்பி, இவன் கொஞ்சம் வெவரமில்லாத பய" என்று சொல்லி மீட்டார். அந்த விளக்கத்தை அவர் உடனே ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

மறுபடி போன். "சார், நீங்க வேற கிளைக்குப் போயிட்டீங்கபோல" என்றேன், கொஞ்சம் அதிகாரமாகவே. பச்சைபோர்டு விஷயத்தில் என்னிடம் யாரும் வாதாட முடியாது. "நல்லாப் பாருங்க, நீங்க இருக்கறது வேடசந்தூர்தானே?"

"ஆமாங்க, வெளிய போர்டுலயே போட்டிருக்குங்க."

"கை கழுவுற எடத்துல மூணாவது கொழாய்ல தண்ணி வருதா?"

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பாவம், நிஜமாகவே எழுந்துபோய்த் திருகிப் பார்த்திருக்கிறார். "வரலைங்க."

"அப்ப சரியான எடம்தான்!" என்று சந்தோஷமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான், அப்படியானால் அவர்கள் எங்கே என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

அந்த நேரம் பார்த்து வெற்றிலை போட வெளியே போயிருந்த மாமா உள்ளே வந்தார். நிதானமாக உட்கார்ந்தார். "எதிர்த்தாப்புல ரோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு பச்சைபோர்டு இருக்கேப்பு, அங்க பார்த்தியா?" என்றார்.

"எதிர்லயா? எப்ப இருந்து?"

"தொறந்து ரெண்டு மாசம் ஆச்சே. கரூர்லருந்து வர்றவங்களுக்குத் தோதா இருக்கும்னு கட்டுனாக. ஒனக்குத் தெரியாத பச்சைபோர்டா, தெரிஞ்சுதான் பேசுறன்னு இருந்தேன்."

நாலு வழிச்சாலை. நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் பக்கம் இருந்தோம், அவர்கள் கரூரிலிருந்து திண்டுக்கல் வரும் பக்கம். நடுவே தகரத் தடுப்பு, அதை ஒட்டி வரிசையாக அரளிச் செடி. இரண்டு பச்சைபோர்டும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டது மாதிரி எதிரும் புதிருமாக நின்றன. ஒரே மாதிரி இருக்கும் என்று மூன்று முறை சொன்னேன் அல்லவா? இருந்தது.

மணி மூன்று நாற்பத்தைந்து. விஷயத்தைப் போனில் சொன்னேன். மறுமுனையில் அவர் பதறிவிட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள அலைய விடலாமுங்களா? அங்கயே இருங்க, நாங்க காரைத் திருப்பிட்டு வந்துடறோமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதைக் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மாறியது. "பொண்ணு வீட்டுக்காரகள முத நாளே அலைய வச்சாகன்னு நாளைக்குப் பேச்சு வரும். அது நமக்கு அழகா? எந்திரிங்க, நாமளே போவோம்."

"அவர் வாரேன்னுட்டார்ம்மா."

"மரியாதைக்குச் சொல்லியிருப்பாக. அதையே புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா என்ன நினைப்பாக?"

கிளம்பினோம். யூ டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போய்த் திரும்பி, அந்தப் பக்கத்துப் பச்சைபோர்டில் இறங்கி, இடது பக்கம் விபூதி, வலது பக்கம் ஸ்வீட், நேரே ஏசி ஹால், மீன் தொட்டி. மேஜை காலி. குடித்துவிட்டு வைத்த காபி டம்ளர்கள் மட்டும் அப்படியே இருந்தன.

போன் அடித்தது. "நாங்க வந்துட்டோமுங்க, மீன் தொட்டி பக்கத்துல நிக்கிறோம். உங்களக் காணலைங்களே?"

அவர்களும் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்திருந்தார்கள். இரண்டு காரும் வழியில் எங்கோ ஒன்றை ஒன்று தாண்டித்தான் போயிருக்கும். மணி நாலு ஐந்து.

"இந்தத் தடவ நாங்க வாரோம், நீங்க அசையாதீங்க" என்றேன். "இல்லைங்க, நாங்கதான் வருவோமுங்க" என்றார். "நாங்கதான்", "நாங்கதானுங்க" என்று ஐந்தாறு முறை மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். கடைசியில் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சரிண்ணே, உங்க மனசு போல நீங்களே வாங்க" என்று விட்டுக்கொடுத்த அதே நொடியில் அவரும், "சரிங்க, பெரியவங்க சொல்லறப்ப தட்டக் கூடாது, நீங்களே வாங்க" என்று விட்டுக்கொடுத்து வைத்துவிட்டார்.

அம்மா கேட்டது தன் குரலை மட்டும்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் உட்கார்ந்து அவர்களுக்காகக் காத்திருந்தோம். அவர்கள் அங்கே உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மாமா இதற்குள் இரண்டு பிளேட் பஜ்ஜி முடித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே ருசியாத்தான்டா இருக்கு, நீ சொன்னது நெசம்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

நாலு பதினைந்துக்கு வாசலுக்கு வந்து பார்த்தேன். எதிர்ப் பச்சைபோர்டு வாசலில் பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக நான்கு பேர் நெற்றியில் கை வைத்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை. இனிமேல் காரை எடுத்துத் திருப்பினால் ராகு காலத்தில்தான் போய் இறங்க வேண்டும். ராகு காலம் வந்தால் புதன்கிழமை வரும். புதன்கிழமை வந்தால் ஈரோடு வரும்.

"நான் குறுக்க நடந்து போறேன்" என்றேன்.

"ஏலே, லாரி அடிச்சிரும்டா" என்றார் அப்பா.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாழை இலைப் பொதியை என் கையில் திணித்தாள். "பார்த்துப் போ. பூவ அந்தம்மா கையில குடுத்துரு. ராகு காலத்துக்கு முன்னால பூ போய்ச் சேர்ந்துட்டாப் போதும். மத்தத அப்புறம் பேசிக்கலாம்." பிள்ளை போய்ச் சேர வேண்டும் என்று அவள் சொன்னதாக ஞாபகம் இல்லை.

(இளைஞர்களே, ஹைவேயில் இப்படிக் குறுக்கே போகாதீர்கள். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். மீதியைப் படித்தால் ஏன் என்று புரியும்.)

முதல் பாதியைச் சுலபமாகக் கடந்துவிட்டேன். தடுப்பின் மேல் காலைத் தூக்கிப் போட்டு அரளிச் செடிக்கு நடுவில் இறங்கினேன். அடுத்த பாதியில் கால் வைக்கலாம் என்று பார்த்தால், காற்றாலைக்கு இறக்கை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. அந்த இறக்கை எங்கள் தெரு நீளத்துக்கு இருக்கும். வண்டி ஊர்ந்து போனது. அது போய் முடிந்ததும் இரண்டாவது இறக்கை வந்தது. காற்றாலைக்கு மூன்று இறக்கை என்று எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முதல் இறக்கை போனபோது எதிர் வாசலில் நான்கு பேர்தான் இருந்தார்கள். இரண்டாவது போனபோது பத்துப் பேர். மூன்றாவது போய் முடிந்தபோது மெரூன் சட்டை போட்ட சூப்பர்வைசர், சப்ளையர்கள், கைகூடக் கழுவாமல் வந்தவர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. என் முதுகுப் பக்கத்து வாசலிலும் அதே அளவு கூட்டம், அங்கேயும் மெரூன் சட்டை சூப்பர்வைசர்.

சட்டைப் பையில் போன் அடித்தது. பெண்ணின் அப்பா நம்பர். எடுத்தால் பெண் குரல்.

"நான் சுகந்தி பேசறேங்க. அங்க நடுவுல என்னங்க பண்றீங்க?"

"உங்களப் பார்க்க வந்தேங்க" என்றேன்.

"தெரியுதுங்களா?"

"மஞ்சப் பொடவைதானுங்களே?" பதற்றத்தில் எனக்கும் கரூர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

"ஆமாங்க. நானும் பார்த்துட்டேனுங்க. எல்லாருமே பார்த்துட்டாங்க."

அப்போதுதான் ஒரு கன்டெய்னர் லாரி சர்ரென்று பக்கத்தில் போனது. அது அடித்த காற்றில் வேட்டி குபீரென்று மேலே எழும்பியது. ஒட்டு பர்ர்ரென்று பிரியும் சத்தம் லாரிச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. ஒரு கையில் போன், ஒரு கையில் பூ. மூன்றாவது கை இல்லை. போனை உதறினேன், அது செடிக்குள் விழுந்தது. அந்தக் கையால் வேட்டியைப் பிடிக்கப் போனேன், முனைதான் அகப்பட்டது. பூவையும் விட்டுவிட்டு இரண்டு கையாலும் பாய்ந்திருந்தால் நிச்சயம் பிடித்திருக்கலாம். ஏனோ விடவில்லை. புதன்கிழமை கண் முன்னால் நின்றதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேட்டி கையிலிருந்து நழுவி, பத்தடி பறந்து, ஓர் அரளிச் செடியின் தலையில் போய்ப் பாந்தமாக உட்கார்ந்துகொண்டது.

இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி சிரிப்பு கேட்டது. பச்சைபோர்டில் எல்லாம் ஒரே மாதிரிதான்.

வெள்ளைச் சட்டை, நீல டிரவுசர், நெற்றியில் விபூதி, நெஞ்சோடு அணைத்த மல்லிகைப் பூ. அந்தக் கோலத்தில் நின்றேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போன மினி லாரிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிகளையும் கையைக் காட்டி நிறுத்தினார். "போங்கண்ணே, ஏதோ அவசரம்போல" என்றார். செடிக்குள் கையை விட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெண்ணின் அம்மா கையில் பூவைக் கொடுத்தபோது மணி நாலு இருபத்தெட்டு. அந்தம்மா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க அதை வாங்கிக்கொண்டார். பெண்ணின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "கட்டிக்கோங்க" என்றார். அவ்வளவுதான், இந்த இடமும் போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் ஆரம்பிச்சுருச்சுங்க. இனி ஆறு மணி வரைக்கும் யாரும் கெளம்பக் கூடாதுங்க."

அப்படியாக அந்தப் பக்கத்துப் பச்சைபோர்டில் என் அப்பாவும் அம்மாவும் மாமாவும்...

இருங்கள், எனக்கே எந்தப் பக்கம் என்று குழம்புகிறது. நான் இறங்கியது கரூர் போகும் பக்கம். முதலில் நாங்கள் இருந்ததும் அதே பக்கம்தான். என் வீட்டார் இப்போது இருந்தது திண்டுக்கல் வரும் பக்கம். அங்கே அவர்கள் மூன்று பேரும், இங்கே பெண் வீட்டாரோடு நான் ஒருவனும் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம். ஏழு வரனிலும் ஒரு பெண்ணோடும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை. சுகந்தியோடு, இடுப்பில் அவள் அப்பாவின் துண்டோடு, ஒன்றரை மணி நேரம் பேசினேன். டிரவுசரோடு எல்லோர் முன்னாலும் நின்றாகிவிட்டது, இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? ஏழு வரன் தட்டிப்போனதைச் சொன்னேன். பச்சைபோர்டின் மேல் எனக்குள்ள பக்தியைச் சொன்னேன்.

"உங்களாலதான் எங்கப்பா எந்திரிச்சுப் போய் மூணாவது கொழாயத் திருகிப் பார்த்தாருங்களா?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ஈரோட்டுக்காரர்களை வரவேண்டாம் என்று திங்கட்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு, எதைப் பார்த்துச் சம்மதித்தாய் என்று சுகந்தியிடம் கேட்டேன். "வேட்டி போறப்பவும் பூவ விடலை பாருங்க, அதான்" என்றாள். அதை நான் ரசித்து முடிப்பதற்குள், "அதுவும் இல்லாம, அதுக்கு மேல உங்கள யாரு கட்டுவாங்க?" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கல்யாணத்தில் மாமனார் எனக்கு எடுத்துக் கொடுத்தது பட்டு வேட்டியும், அகலமான பச்சைக் கலர் பெல்ட் ஒன்றும். அந்த அரளிச் செடி மேல் என் வேட்டி வெகு நாள் கிடந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக்கொள்வேன். பச்சைபோர்டை நான் இன்னும் விடவில்லை. என்ன, இப்போதெல்லாம் உள்ளே போவதற்கு முன்னால் ஒரு முறை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

ஆனால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது போனில் "வந்துட்டேன்" என்றால் யாரும் "சரி" என்று சொல்வதில்லை. போன வருஷம் சுகந்திக்குப் பிரசவ வலி எடுத்தது. நான் டூரில் இருந்தேன். அலறியடித்துக்கொண்டு கரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க மாமனாருக்குப் போன் போட்டேன்.

"மாமா, வந்துட்டேன்!"

"பொம்பளப் புள்ளைங்க மாப்பிள்ளை, ரெண்டு பேரும் சௌக்கியமுங்க" என்றார். குரல் தழுதழுத்தது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே தழுதழுத்த குரலில் கேட்டார்.

"நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க?"